முதல் நாள் கண்ணுக்கு, மறுநாள் கைக்கு: திறந்தவெளிக் கலைச் சந்தைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திறந்தவெளிக் கலைச் சந்தைக்கு முதன்முறையாகச் செல்பவர்களில் பலர் இரண்டில் ஒரு தவற்றைச் செய்கிறார்கள். சிலர் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் கண்ணில் பட்டதை வாங்கிவிட்டு, அதைச் சுமந்துகொண்டே மீதி நேரமெல்லாம் அலைந்து, கடைசி வரிசையில் அதைவிட மனத்துக்கு நெருக்கமான ஒன்றைக் கண்டு நொந்துபோகிறார்கள். வேறு சிலர், உள்ளே போனால் வாங்கியாக வேண்டுமோ என்ற கூச்சத்தில் கூடாரங்களுக்கு நடுவே உள்ள பாதையிலேயே நடந்து, எதையும் அருகில் சென்று பார்க்காமலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். சந்தை சனி, ஞாயிறு என இரண்டு நாள் நடக்குமானால், முதல் நாளைப் பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். வாங்குவதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு பிரிவினையைச் சுற்றியே அமைந்தவை.

புறப்படுவதற்கு முன்

முதலில், நீங்கள் செல்லவிருக்கும் சந்தை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்ள வேண்டும். சில சந்தைகளில் நடுவர் குழு ஒன்று விண்ணப்பித்தவர்களின் படைப்புகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இடம் தருகிறது. படைத்தவரே கூடாரத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் அத்தகைய சந்தைகளில் பெரும்பாலும் உண்டு. மற்றவற்றில் கட்டணம் செலுத்தும் எவரும் கடை விரிக்கலாம். முதல் வகையில் சராசரித் தரம் உயர்ந்திருக்கும், ஆனால் விலையும் உயர்ந்திருக்கும். இரண்டாம் வகையில் பதரும் மணியும் கலந்து கிடக்கும்; தூற்றிப் பார்க்கும் பொறுமை இருந்தால் நல்ல மணி கிடைக்கும். நடுவர் இல்லாத சந்தை என்பதனால் மட்டும் ஒன்றைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. பாரிஸில் 1884-இல் தொடங்கப்பட்ட சுயேச்சைக் கலைஞர்களின் கண்காட்சி, நடுவரும் கிடையாது பரிசும் கிடையாது என்பதையே தன் கொள்கையாக அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐரோப்பிய ஓவியத்தைப் புரட்டிப்போட்ட பலர் அங்கேதான் தம் படங்களை மாட்டினார்கள்.

அடுத்து வீட்டுச் சுவரை அளந்துவிடுங்கள். எந்தச் சுவரில் இடம் இருக்கிறது, அதன் அகலமும் உயரமும் என்ன, அந்தச் சுவரில் நேரடி வெயில் விழுகிறதா, ஈரம் கசிகிறதா என்பதை ஒரு தாளில் எழுதி, சுவரைப் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வாகனத்தில் செல்வதாக இருந்தால் பின்கதவின் திறப்பையும் அளந்துகொள்ள வேண்டும். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை வெட்டவெளியில் மிதமான அளவாகத் தோன்றிய ஒரு நிலக்காட்சி ஓவியத்தை அளக்காமல் வாங்கிவிட்டேன். அது காரின் எந்தக் கதவு வழியாகவும் நுழையவில்லை. எப்படியோ வீடு கொண்டுவந்து சேர்த்தபோது, அறையின் ஒரு சுவர் முழுவதையும் அதுவே விழுங்கிவிட்டது. வானத்தின் கீழே எந்தப் படமும் சிறியதாகத்தான் தெரியும். நாலு சுவருக்குள் வந்ததும் அது வளர்ந்துவிடும். ஆகவே கண்ணை நம்பாமல் அளவு நாடாவை நம்புவதே நல்லது.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகம் இல்லை. அளவு நாடா, சிறு குறிப்பேடு, பேனா, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி, தொப்பி, தண்ணீர், நடந்து பழகிய காலணி ஆகியவை போதும். கூட்டம் மிகுந்த இடங்களில் கைபேசி அலைவரிசை திணறி, மின்னணுப் பணப் பரிமாற்றம் நின்றுவிடுவது வழக்கம் என்பதால் ஓரளவு ரொக்கமும் தேவை. ஆனால் முதல் நாள் அந்த ரொக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். கையில் பணம் இல்லாதபோது கண் வேறு விதமாகப் பார்க்கிறது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

முதல் நாள்: வாங்காமல் பார்ப்பது

சந்தை திறக்கும் நேரத்திலேயே போய்ச் சேருங்கள். காலையில் கூட்டம் குறைவு. கலைஞர்களும் களைப்படைந்திருக்க மாட்டார்கள். ஒளியும் சாய்வாக, கண்ணைக் கூசச் செய்யாமல் இருக்கும். முதல் சுற்றை எங்கும் நிற்காமல், எல்லா வரிசைகளையும் ஒருமுறை கடந்துவிடும் வேகத்தில் நடந்து முடியுங்கள். எந்தக் கூடாரம் உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்ததோ அதன் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நூறு கடைகள் உள்ள சந்தையில் இந்தப் பட்டியல் பத்துக்கு மேல் போகக்கூடாது; போனால் நீங்கள் இன்னும் தேர்ந்தெடுக்கத் தொடங்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது சுற்றில் அந்தப் பத்துக் கூடாரங்களுக்கு மட்டும் செல்லுங்கள். கூடாரம் பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி இருக்கும். அதற்குள் மூன்று பேர் நின்றாலே நெருக்கம்தான். எனவே முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். முதுகில் தொங்கும் பை ஒரு பீங்கான் தட்டைத் தள்ளிவிட ஒரு திரும்பல் போதும். படங்கள் மாட்டியிருக்கும் தட்டிகளிலோ கூடாரக் கால்களிலோ சாயாதீர்கள். காற்றில் பறக்காமல் இருக்க அந்தக் கால்களில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அவற்றில் இடறி விழுபவர்கள் ஒவ்வொரு சந்தையிலும் உண்டு. நண்பர்களோடு நின்று பேசுவதாக இருந்தால், கூடார வாசலை மறைக்காமல் ஓரமாகப் போய்விட வேண்டும். ஒருவர் வாசலில் நின்று கால்மணி நேரம் அரட்டை அடித்தால், அந்தக் கால்மணி நேர வியாபாரத்தைக் கலைஞர் இழக்கிறார்.

சட்டமிடாத படங்களும் அச்சுகளும் பிளாஸ்டிக் உறையில் இடப்பட்டு, சாய்வான பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். புதியவர்கள் தொடங்க வேண்டிய இடம் அதுவே என்பது என் கருத்து. விலை குறைவு என்பதோடு, ஒரே கலைஞரின் முப்பது நாற்பது படைப்புகளைத் தொடர்ச்சியாகப் புரட்டும்போது அவருடைய கை எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பது சுவரில் தொங்கும் நான்கு படங்களில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். புரட்டும்போது ஒன்றை உருவி எடுக்காமல், முன்னே உள்ளவற்றை உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். உறை இல்லாத எந்தத் தாளையும் ஓவியத்தையும் தொடக்கூடாது. எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்துபோனதுபோல் தோன்றினாலும் உள்ளே முழுமையாகக் காய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். விரலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் எந்தப் பரப்புக்கும் கேடு.

கலைஞரிடம் பேசுவது

திறந்தவெளிச் சந்தையின் பெரிய வசதி, படைத்தவர் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான். 1930-களின் தொடக்கத்தில், பொருளாதாரப் பெருமந்த காலத்தில், நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தை ஒட்டிய நடைபாதைகளில் ஓவியர்கள் தங்கள் படங்களைத் தாங்களே விற்கத் தொடங்கியதும் வாடகைக்கு வழி தேடித்தான். இடைத்தரகர் இல்லாத அந்த நேரடித்தன்மை இன்றும் இத்தகைய சந்தைகளில் இருக்கிறது. கூச்சப்பட்டு அதை வீணாக்க வேண்டாம்.

வணக்கம் சொல்லிவிட்டு, 'கொஞ்சம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொன்னால் போதும். எந்தக் கலைஞரும் தவறாக நினைக்கமாட்டார். பேச்சைத் தொடங்க நல்ல கேள்விகள் செய்முறை பற்றியவை: இது எந்தத் தாள், வண்ணத்தை எப்படி அடுக்கினீர்கள், இந்த இடத்தில் ஏன் தாளின் வெண்மையை அப்படியே விட்டிருக்கிறீர்கள், இந்த வரிசையில் வேறு படங்கள் உண்டா. உண்மையாகவே செய்தவருக்கு இவற்றுக்கு விடை சொல்வதில் மகிழ்ச்சி இருக்கும். பல நேரங்களில் உங்களுக்கு நேரம் போதாது. வேறு யாரோ தொழிற்சாலையில் செய்ததை வாங்கி வைத்து விற்பவரோ, 'எல்லாம் கையால் செய்ததுதான்' என்ற ஒரே விடையைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒரே மாதிரிப் பொருள் பத்துப் பன்னிரண்டு, அச்சில் வார்த்ததுபோல் சிறு வேறுபாடும் இல்லாமல் இருப்பது, ஒரே கூடாரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு பாணிகள் இருப்பது, அடியில் விலைச்சீட்டுப் பசை உரித்த தடம் இருப்பது ஆகியவை அடுத்த அறிகுறிகள்.

'இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆனது' என்ற கேள்வியை மட்டும் தவிர்த்துவிடலாம். கேட்பவர் வியப்பில்தான் கேட்கிறார். ஆனால் நேரத்தால் விலையை வகுத்துப் பார்க்கிறார் என்றே அது கலைஞரின் காதில் விழும். இந்தக் கேள்வி நீதிமன்றத்திலேயே எழுந்திருக்கிறது. 1878-இல் லண்டனில், விமர்சகர் ஜான் ரஸ்கின்மீது ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் தொடுத்த அவதூறு வழக்கில், இரண்டு நாள் உழைப்புக்கா இருநூறு கினி (அன்றைய பிரிட்டிஷ் பண அலகு) கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கினார். இரண்டு நாள் உழைப்புக்கு அல்ல, வாழ்நாள் முழுவதும் சேர்த்த அறிவுக்கு என்ற பொருளில் விஸ்லர் விடையளித்தார். வழக்கில் வென்ற அவருக்கு இழப்பீடாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவு அவரைத் திவாலாக்கியது. 'என் பிள்ளையே இதை வரைந்துவிடுவான்' என்ற நகைச்சுவையும் ஒவ்வொரு கலைஞரும் ஆயிரம் முறை கேட்டது. அதையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

புகைப்படம் எடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு படைப்பை நகலெடுக்கும் உரிமை அதைப் படைத்தவருக்கே என்பது 1886-இல் உருவான பேர்ன் உடன்படிக்கை முதலாக உலகின் பெரும்பாலான நாடுகளில் ஏற்கப்பட்ட கொள்கை. படத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிறகும்கூட, அதை அட்டையாகவோ சட்டையிலோ அச்சிட்டு விற்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. மறுநாள் நினைவுக்காக எடுக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். கூடவே அவருடைய அட்டையையும் வாங்கி, எந்தப் படம் பிடித்தது என்று அதன் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கையில் பத்து அட்டைகள் இருக்கும். எழுதாதவை எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஓவியம் அல்ல, அச்சு. அச்சு என்ற ஒரே சொல் முற்றிலும் வேறான இரண்டு பொருள்களைக் குறிக்கிறது. மரத்தையோ லினோலியத்தையோ கலைஞர் தாமே செதுக்கி, செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, அல்லது கல்லில் வரைந்து, மை தடவி ஒவ்வொரு தாளாகக் கையால் எடுப்பது ஒன்று. அதில் ஒவ்வொரு தாளும் மூலப்படைப்புதான். ஏற்கெனவே வரைந்த ஓவியத்தைப் படம்பிடித்து இங்க்ஜெட் இயந்திரத்தில் நகலெடுப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வகைக்குக் கடைகளில் 'ஜிக்லே' என்ற அழகான பெயர் வழங்குகிறது. 1991-இல் ஜாக் டுகான் என்ற அச்சுக் கலைஞர், பீய்ச்சுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து உருவாக்கிய பெயர் அது. நல்ல நிறமி மையில், நல்ல பருத்தித் தாளில் எடுத்த ஜிக்லே அழகானது, நெடுநாள் நிலைப்பது. அதை வாங்குவதில் தவறே இல்லை. நகல் என்று தெரிந்து, நகலின் விலைக்கு வாங்க வேண்டும் என்பதுதான் செய்தி.

உருப்பெருக்கிக் கண்ணாடி இங்கேதான் பயன்படும். எந்திர நகலில் நுண்ணிய வண்ணப் புள்ளிகள் சிதறியிருப்பதையோ வரிசையாக அமைந்திருப்பதையோ காணலாம். கையால் எடுத்த அச்சில் மை ஒரே படலமாகத் தாளில் அமர்ந்திருக்கும். செப்புத்தகட்டு அச்சானால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய பள்ளம் தெரியும். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடி இல்லாமலேயே அதைப் பார்க்கலாம். படத்தின் கீழே பென்சிலால் 12/50 என்று எழுதியிருந்தால், மொத்தம் ஐம்பது எடுக்கப்பட்டவற்றில் இது பன்னிரண்டாவது எண் என்று பொருள். சிறிய எண் என்றால் உயர்ந்தது என்று சிலர் நம்புகிறார்கள். தாள்களை எடுத்த வரிசையிலேயே எண்ணிடுவதாக எந்தக் கட்டாயமும் இல்லை என்பதால் அதற்குப் பெரிய பொருள் கிடையாது. 'ஏ.பி.' (Artist's Proof) என்ற குறி, எண்ணிக்கைக்கு வெளியே கலைஞர் தமக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட படியைக் குறிக்கும். வழக்கமாக அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. இங்க்ஜெட் நகலிலும் இப்படி எண் எழுதுகிறார்கள் என்பதால், எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

நீர்வண்ண ஓவியத்தில் தாளையும் வண்ணத்தையும் விசாரியுங்கள். பருத்தியாலான, அமிலமற்ற, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அளவிலான தாள் என்றால் கலைஞர் தம் வேலையை மதிக்கிறார் என்று கொள்ளலாம். பின்னால் வைத்திருக்கும் மவுண்ட் அட்டையும் அமிலமற்றதா என்று கேளுங்கள். மலிவான அட்டையின் அமிலம் சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். வெளிச்சம் தாங்காத நிறமிகளின் கதையை அறிய வான் கோவையே பார்க்கலாம். 1888-இல் அவர் வரைந்த 'படுக்கையறை' ஓவியத்தில் சுவர்கள் முதலில் ஊதா நிறத்தில் இருந்தன. அதில் கலந்திருந்த சிவப்பு வெளிறிப்போனதால்தான் இன்று நாம் நீலச் சுவர்களைக் காண்கிறோம். அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவு ஒளிதான் தருகின்றன. வெட்டவெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும்.

அந்த எண்ணிக்கையில் சந்தைக்கே உரிய இன்னொரு பாடமும் இருக்கிறது. வெயிலில் பளீரென்று பாடும் வண்ணங்கள், மாலையில் நூறு லக்ஸ்கூட எட்டாத உங்கள் அறையில் முனகத் தொடங்கிவிடும். குறிப்பாக அடர்நீலமும் கரும்பச்சையும் கறுப்பாகவே தெரியும். கூடாரத் துணி வெண்மையாக இல்லாமல் நீலமாகவோ சிவப்பாகவோ இருந்தால் அந்தச் சாயலும் படத்தின்மேல் விழும். எனவே மனத்தில் நிற்கும் படத்தைக் கூடாரத்தின் உட்புறம் நிழலான மூலைக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். அங்கேயும் உயிரோடு இருக்கும் படம் உங்கள் வீட்டிலும் உயிரோடு இருக்கும்.

மட்பாண்டங்களில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: எந்த வெப்பத்தில் சுட்டது, உணவுக்குப் பயன்படுத்தலாமா. 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுட்ட ஸ்டோன்வேர் (கல்போல் இறுகிய மட்பாண்டம்) பெரும்பாலும் நீரை உறிஞ்சாது. விரலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். தட்டும்போது மந்தமான ஓசை வந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கக்கூடும். குறைந்த வெப்பத்தில் சுட்ட மண் கலங்கள் இயல்பாகவே நீரை உறிஞ்சுபவை. அவற்றின் ஓசையும் தாழ்ந்தே இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்துக் குறை காணாதீர்கள். சூளையிலிருந்து செந்தணலாக வெளியே எடுத்துப் புகையூட்டும் ராகு (raku) என்னும் மட்பாண்ட வகை, கண்ணைப் பறிக்கும் அழகு கொண்டது. ஆனால் அது நீர் ஊற்றவும் உணவு வைக்கவும் ஏற்றதல்ல. பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். அடி வளையத்தை ஒழுங்காகச் சீவி மழித்திருக்கும் குயவர், மற்ற இடங்களிலும் கவனமாகவே இருந்திருப்பார்.

வெள்ளி நகையில் 925 என்ற முத்திரை, நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும். மரச் சிற்பங்களில் வெயிலில் நின்றதால் பிளவு கண்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இடையில் ஓர் இரவு

நடுப்பகல் ஆகும்போது கூட்டமும் வெயிலும் ஏறும். அப்போது வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் கண் மரத்துப்போகும். அதற்குப் பிறகு பார்ப்பதெல்லாம் ஒன்றுபோலத் தோன்றும்.

மாலையில், எடுத்த புகைப்படங்களைத் திறக்காமல், எது நினைவில் இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். பத்துக் கூடாரங்களில் இரண்டோ மூன்றோதான் நினைவில் நிற்கும். அவையே உங்களுடையவை. பிறகு அந்தப் படத்தின் அளவுக்குப் பழைய செய்தித்தாளை வெட்டி, சுவரில் ஒட்டி, ஓர் இரவு அதைப் பார்த்துக்கொண்டிருங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் மேலே சொன்ன நிலக்காட்சிக்குப் பிறகு நான் ஒருமுறைகூட இதைத் தவறவிட்டதில்லை.

இந்த முறையில் ஓர் ஆபத்து இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூலப்படைப்பு ஒன்றே ஒன்றுதான். இரவில் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில் மாலையிலேயே அது வேறொருவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். மனம் விட்டுவர மறுத்தால், மறுநாள் காலை குறிப்பிட்ட நேரம்வரை எடுத்து வைக்க முடியுமா என்று கலைஞரிடம் கேளுங்கள். சிலர் சிறு முன்பணம் கேட்பார்கள். சிலர் வாய்ச்சொல்லையே ஏற்பார்கள். ஏற்றுக்கொண்டால், வாங்குகிறீர்களோ இல்லையோ, சொன்ன நேரத்தில் போய் நின்று சொல்லிவிடுவது கடமை. படத்தின் அருகே சிவப்பு வட்ட ஒட்டு இருந்தால் அது விற்றுப்போனது என்று பொருள். அதற்காக வாதாடிப் பயனில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு படம் கைநழுவிப் போவதை, ஆண்டுக்கு மூன்று வேண்டாத படங்கள் வீட்டுக்கு வருவதைவிட எளிதாகத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

மறுநாள்: வாங்குவது

காலை நடுப்பகுதியில் நேராக அந்த இரண்டு மூன்று கூடாரங்களுக்குச் செல்லுங்கள். நேற்றுப் பார்த்ததுபோல இன்றும் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிடித்தால் அளவைச் சரிபாருங்கள். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சட்டத்தின் இருபுறமும் உலோக வளையங்கள் பொருத்திக் கம்பி கட்டியிருக்க வேண்டும்; மேல்கட்டையில் ஒற்றை ஆணிக் கொக்கி மட்டும் இருந்தால் கனமான படத்தை அது தாங்காது. கித்தான் மூலைகளில் தளர்ந்து தொய்ந்திருக்கிறதா என்பதும் பின்புறத்தில் தெரியும்.

விலை பேசுவதில் நிதானம் வேண்டும். எடுத்த எடுப்பிலேயே பாதிக்குக் கேட்பது இங்கே செல்லாது. அரங்கக் கட்டணம், பயணம், சட்டம், வியாபாரம் ஆகாத நாட்களின் நட்டம் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. சிறிய அச்சுக்குப் பேரம் பேசவே வேண்டாம். ஒரே கலைஞரிடம் இரண்டு மூன்று எடுக்கும்போது, 'சேர்த்து எடுத்தால் ஏதாவது குறைத்துத் தர முடியுமா' என்று ஒருமுறை கேட்பது முறைதான். முடியாது என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவதும் முறைதான். கடைசி மணி நேரத்தில் போனால் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லிக்கொள்வார்கள். கனமான சிற்பத்தைத் திரும்ப ஏற்றிச் செல்ல விரும்பாத ஒருவர் குறைக்கக்கூடும்; ஆனால் பெரும்பாலோர் அந்த நேரத்தில் கூடாரத்தைப் பிரிக்கும் பரபரப்பில் இருப்பார்கள், வண்டிகள் உள்ளே வரத் தொடங்கியிருக்கும், நீங்கள் விரும்பியது பெட்டிக்குள் போயிருக்கும்.

பணம் கொடுத்ததும் ரசீது வாங்குங்கள். அதில் கலைஞரின் பெயர், படைப்பின் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, அச்சானால் எண் ஆகியவை அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கட்டும். புதிதாக ஒன்றைச் செய்து தரச் சொல்வதானால், அளவு, நிறைவேற்றும் நாள், முன்பணம், முதல் வரைவைக் காட்டும் கட்டம் ஆகியவற்றை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்ட வேலைகளில்தான் நட்பு கெடுகிறது.

மழை வந்தால் ஒரு சொல். கலைஞர்கள் சில நொடிகளில் பக்கத் திரைகளை இறக்குவார்கள். அப்போது உள்ளே ஒதுங்குவது இயல்பே. ஆனால் சொட்டும் குடையை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். தரையோடு வைத்திருக்கும் அச்சுப் பெட்டிகளில் உங்கள் குடை நீர் சொட்டினால், வெளியே பெய்யும் மழையைவிட அது அதிக நாசம் செய்யும்.

கொண்டுவந்து சேர்ப்பதும் மாட்டுவதும்

அக்ரிலிக் வண்ணம் உலர்ந்த பிறகும் சூட்டில் இளகும் தன்மை உடையது. வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். குமிழிப் பிளாஸ்டிக்கை நேரடியாகப் படத்தின்மேல் சுற்றி இந்தச் சூட்டில் வைத்தால், ஒவ்வொரு குமிழியின் வட்டமும் வண்ணத்தில் பதிந்துவிடும். அந்தத் தடத்தைப் போக்குவது மிகக் கடினம். எனவே முதலில் வழவழப்பான அமிலமற்ற தாள், அதன்மேல் அட்டை, அதற்கும் மேலேதான் குமிழி உறை. வாங்கியபின் வேறெங்கும் நிற்காமல் வீட்டுக்கே போய்விடுவது அதைவிட நல்லது. படத்தைப் படுக்கவைத்து அதன்மேல் எதையும் வைக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். சட்டத்தின் மேல்கட்டையைப் பிடித்துத் தூக்காமல், இரு பக்கக் கட்டைகளையும் பிடித்துத் தூக்குங்கள்.

மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும், நின்று பார்ப்பவரின் கண்மட்டம் என்று அருங்காட்சியகங்கள் கொள்ளும் அளவு அதுதான். பலரும் படத்தை விட்டத்தை ஒட்டி மாட்டிவிட்டுக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கிறார்கள். இருக்கைக்கு மேலே என்றால், இருக்கையின் முதுகுக்கும் சட்டத்தின் அடிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி போதும். தாள் ஓவியமானால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடுவது செலவுக்குத் தகுந்த பயன் தரும். ஆனால் கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் சாளரம்போல் வெட்டிய மவுண்ட் அட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரக்காலத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மழையில் நனையும் வெளிச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள்.

கடைசியாக, ரசீதின் நகலையும் கலைஞரின் அட்டையையும் ஒரு காகித உறையில் இட்டு, சட்டத்தின் பின்புறக் காப்பு அட்டையில் ஒட்டிவிடுங்கள். உறையின்மேல் வாங்கிய நாளையும், கலைஞர் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்ன இரண்டு வரிகளையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், அதன் மை ஈரத்தில் ஊறிப் பரவும்.